வாசலில் ஆச்சிம் என்று கூப்பிட்டவள்

மலாக்கா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கியாட்டுக்கு,

நானும் உன் ஆச்செக்கும் இங்கே நலம். நீயும் மருமகள் மார்த்தாவும் அங்கே நலமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே நலம்தானா என்று சந்தேகத்தோடு கேட்கிறேன், ஏன் என்று முழுக்கப் படித்தால் தெரியும், பாதியில் மடித்து வைத்துவிடாதே. போன வாரம் தொலைபேசியில் சளி பிடித்திருக்கிறது என்று சொன்னாய். எந்தத் தேதியிலிருந்து என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், நீ சிரித்தாய். நான் சும்மா கேட்கவில்லை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம், ஆனால் பேச்சை மாற்றுவதில் நீ கெட்டிக்காரன், காகிதத்தில் எழுதினால் மாற்ற முடியாது. அதோடு நாம் பேசுவதை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம். ஆச்செக்கின் முழங்கால் வலியைப் பற்றி உன்னிடம் சொன்ன மறுநாளே அவர் கைப்பேசியில் முழங்கால் தைலத்துக்கு விளம்பரம் வந்ததே, அது எப்படி.

ஆச்செக்கின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல். பக்கத்து வீட்டை விற்றுவிட்டார்கள், அது இப்போது காப்பிக்கடை. வாடகைக்கு நம் பெண்கள் போடுகிற கெபாயாச் சட்டையை உடுத்திவிடுகிறார்கள், எங்கிருந்தோ வருகிற பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசல் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். உடுப்பில் குத்தியிருக்கும் ஊசி தலைகீழாக இருக்கிறது, சொல்லப் போனால் சிரிக்கிறார்கள். வாசலில் வைத்திருந்த பூந்தொட்டி ஒன்றைக் காணோம். அவர்கள்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் கடை வாசலில் புதிதாக ஒரு பூந்தொட்டி முளைத்திருக்கிறது. நான் அனுப்பிய மிளகாய்ச் சம்பால் டப்பா வந்து சேர்ந்ததா, ஒட்டுத்தாள் பிரிந்திருந்ததா, கால் டப்பா குறைந்திருந்ததா என்று பார்த்து எழுது. அந்தச் சுங்கக்காரர்கள் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து கறிக்குக் கெலுவாக் கொட்டைகளைத் தேய்த்துக் கழுவி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் குரல், "ஆச்சிம்! ஆச்சிம் இருக்கீங்களா?" என்று. என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்த ஊரில் என்னை ஆச்சிம் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள் கியாட்? தெருவே என்னை மரியாதையாகப் பீபி என்கிறது. உன் ஆச்செக் தன் வீட்டில் மூத்தவர், அவருக்கு அண்ணன் கிடையாது, அதனால் என்னைச் சித்தி முறை வைத்து ஆச்சிம் என்று கூப்பிட எந்த வீட்டுப் பிள்ளைக்கும் உரிமை கிடையாது. பெற்றவளை மாக் என்று கூப்பிடாமல் ஆச்சிம் என்றும், பெற்றவரை ஆச்செக், சித்தப்பா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவன் இந்தத் தெருவிலேயே நீ ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் பையன்கள், "உங்க வீட்ல அம்மாவைத் தும்மித்தான் கூப்பிடுவீங்களாடா, ஆச்சிம்! ஆச்சிம்!" என்று கேலி செய்தார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தது எனக்கு மறக்கவில்லை. உலகத்தில் அந்த வார்த்தை ஒரே ஒரு வாயில்தான் இருக்கிறது, அந்த வாய் கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறது. அப்படியிருக்க வாசலில் நிற்கிறவள் யார்?

போய்ப் பார்த்தால் பாதித் தலை மழித்த ஒரு பெண், காலில் பட்டாளத்துக்காரன் பூட்ஸ். பெயர் ஜெரால்டின் சியாவாம். பூர்வீகம் மலாக்காதானாம், வளர்ந்தது சிங்கப்பூர். நானும் உங்களை மாதிரி பழைய சீனக் குடும்பத்து நியோன்யாதான் ஆச்சிம் என்றாள். அந்தப் பூட்ஸைப் பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. என்ன தொழில் என்று கேட்டேன். கலைஞர் என்றாள். படம் வரைவாயா என்றால் இல்லையாம். பொருள்களை ஒரு அறையில் பரப்பி வைப்பாளாம், சனங்கள் வந்து அதற்குள் நடந்து பார்ப்பார்களாம், அதுதான் இப்போதைய கலையாம். உன் ஆச்செக்கின் சாமான் அறையும் அப்படித்தான் இருக்கிறது, அதைப் பார்க்க இதுவரை ஒருவர்கூட வரவில்லை.

பழைய சாமான் வியாபாரிகள் எந்த வேஷத்திலும் வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் எச்சில் பணிக்கம் இருக்கிறதா என்று கேட்டது இந்த வீட்டில்தானே. அதனால் அவளை முன்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்த் தங்கக் கெபாயா ஊசிகளை எடுத்து அரிசிப் பானைக்குள் செருகிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் உன் ஆச்செக் அவளுக்குக் காப்பியும் ஆங்கு பலகாரமும் கொடுத்து, தன் கல்யாணத்தில் பன்னிரண்டு நாளும் மழை பெய்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷனுக்கு யார் வந்தாலும் விருந்தாளிதான்.

அவள் சொன்னது இதுதான். நம் ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், பெர்த், லண்டன், கனடா என்று. போன இடத்தில் இருந்துகொண்டு வீட்டு மனிதர்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தக் குரலை அவர்களிடம் வாங்கியிருக்கிறாளாம். வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு சாப்பாட்டுக் கிண்ணம் வாங்குவாளாம். குரலைக் கிண்ணத்தில் போட்டு நீள மேஜையில் அடுக்கப் போகிறாளாம். "கொரலை கிண்ணத்துல போட்டு என்ன பண்ணுவ பொண்ணு, ஊறுகாயா?" என்று கேட்டேன். அவள் கோபப்படாமல் சிரித்தாள், அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு கேட்டாள் பார், "பச்சைக் கிண்ணம் ஒண்ணு இருக்காமே ஆச்சிம், மொட்டும் பூவும் போட்டு, விளிம்புல சின்னதா ஒரு சில்லு போனது, அது கெடைக்குமா?" நீ கஞ்சி குடித்த கிண்ணம். அதன் விளிம்பு நீ பல்லால் கடித்து உடைந்தது என்பது இந்த வீட்டுச் சுவருக்கு வெளியே யாருக்குத் தெரியும்? உடைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. மெதுவாக, "அது உங்க அக்காவோட கிண்ணமா?" என்றாள். எந்த அக்கா என்று கேட்டேன். என் அக்கா ஈப்போவில் சௌக்கியமாகச் சீட்டாடிக்கொண்டிருக்கிறாள். "இல்ல, அவரோட அம்மா…" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எவரோட அம்மா என்று கேட்டால், பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் ஆச்சிம், மன்னிச்சிடுங்க என்று எழுந்துவிட்டாள்.

உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உன் அம்மா நானாக இருக்கும்போது, என்னிடமே வந்து உன் அம்மாவை என் அக்கா என்றால் நான் என்ன நினைப்பது? எனக்கு முன்னால் இந்த வீட்டில் வேறு யாரோ இருந்திருக்கிறாள், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று என் புத்தி போயிற்று. மத்தியானம் சாப்பாட்டில் உன் ஆச்செக்கிடம் நேராகவே கேட்டுவிட்டேன், எனக்கு மூத்தவள் யாராவது உண்டா என்று. அவருக்குப் புரையேறிவிட்டது. "அடி லான், ஒன்ன ஒருத்தியையே என்னால சமாளிக்க முடியல, முன்னால வேற ஒருத்தியா? அவ்ளோ தெம்பு எனக்கு எங்க இருந்துச்சு?" என்றார். அவர் பொய் சொன்னால் காது சிவக்கும், அன்றைக்குச் சிவக்கவில்லை. ஆனால் சம்பால் காரம் வேறு, சரியாகச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண் மறுநாளும் வந்தாள். அவளைச் சோதித்துப் பார்ப்போம் என்று, போன வருஷம் சந்தையில் இரண்டரை வெள்ளிக்கு வாங்கிய கிண்ணத்தைத் துடைத்து, இது எங்கள் பரம்பரைக் கிண்ணம் என்று சொல்லிக் கொடுத்தேன். அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. வியாபாரியாக இருந்தால் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பாள். இவள் இரண்டு கையாலும் வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு, நன்றி ஆச்சிம் என்று போய்விட்டாள். ஒன்று இவள் சுத்த அசடு, இல்லை என்னைவிடப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சி ஆற்றோரத்துப் பழைய கிடங்கு ஒன்றில். நான் கலையைப் பார்க்கப் போகவில்லை, இவள் என்ன சூழ்ச்சி செய்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன். நல்ல கெபாயா உடுத்திக்கொண்டேன், ஆச்செக் பொத்தான் சட்டை போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு நீள மேஜை, நம் வீட்டு விசேஷங்களுக்குப் போடுவது போலவே, ஆனால் நாற்காலி ஒன்றுகூட இல்லை, சாப்பாடும் இல்லை. வெறும் கிண்ணங்கள். சனங்கள் குனிந்து குனிந்து கிண்ணத்தில் காதை வைத்துக் கேட்கிறார்கள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நானும் ஒன்றில் காதை வைத்தேன், யாரோ ஒரு கிழவர் தன் அக்காவை, தாச்சி, தாச்சி, கதவைத் திற என்கிறார். அந்த அக்கா இப்போது இருக்கிறாளோ இல்லையோ. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் என் சந்தைக் கிண்ணத்தைத் தேடினேன். அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், விலைச்சீட்டு எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. ஆக, அவள் அசடு இல்லை.

அதில் காதை வைத்தேன். நீ. "ஆச்சிம், சாப்டாச்சா?" ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்பது போலவே, அவசரமாக, வேறு எதையோ பார்த்துக்கொண்டே. சரி, பையன் நம்மிடம் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறான், திட்டிக்கொள்ளலாம் என்று நிமிர்ந்தேன். பக்கத்தில் ஒரு நீல வெள்ளைக் கிண்ணம். வேறு எல்லாக் கிண்ணமும் பச்சை, ரோஜா, மஞ்சள் என்று இருக்க இது மட்டும் நீலம். இழவுக்கும் முன்னோர் மேஜைக்கும் மட்டும் எடுக்கிற கிண்ணத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறாளே, இதுகூடத் தெரியாத நியோன்யாவா என்று நினைத்துக்கொண்டே குனிந்தேன். தொண்டையைச் செருமுகிற சத்தம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, நீ சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செருமுவாய். பிறகு, "மாக்." மறுபடியும் ஒரு செருமல். பிறகு, "மாக், சாப்டாச்சா?" இருட்டறையில் ஸ்விட்சைத் தடவுகிறவன் மாதிரி மெதுவாக.

நான் எவ்வளவு நேரம் குனிந்தபடி நின்றேன் என்று தெரியவில்லை. ஆச்செக் வந்து தோளைத் தொட்டார். நிமிர்ந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். என்னை மாக் என்று கூப்பிட உனக்கு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியாது. அது போகட்டும், அதைச் செத்தவர்கள் கிண்ணத்திலா போடுவார்கள்? அந்தப் பெண்ணை அத்தனை பேர் முன்னால் பிடித்துக்கொண்டேன். "நான் என்ன செத்தா போயிட்டேன்? உயிரோட குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், நீலக் கிண்ணம் வெச்சிருக்கியே, ஒனக்கு என்ன தைரியம்?" என்று கேட்டேன். வெள்ளைக்காரர் இரண்டு பேர் இதுவும் கலையில் சேர்த்தி என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். அவள் வெளிறிப்போய், "நீங்க ஆச்சிம்தானே? அவர் அம்மா இல்லையே?" என்கிறாள். "நான்தாண்டி அவன் அம்மா" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், பூட்ஸோடு.

நீ அவளிடம் சொன்னதை அவள் திருப்பிச் சொன்னாள், "அம்மாவை நான் ஒரு தடவகூட மாக்னு கூப்பிட்டதில்ல, என்னை வளத்தது ஆச்சிம்தான்" என்று. பாவம், பிரசவத்தில் தாய் போய்விட்டாள் போலிருக்கிறது, சித்தி வளர்த்திருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இழவுக் கிண்ணம் எது என்று தெரிந்துதான் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாள். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை கியாட், ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் நான் செத்திருக்கிறேன். அவள் அப்படி நினைத்துவிட்டாள் என்பது உனக்குத் தெரியுமா, தெரிந்தே விட்டுவிட்டாயா? இதுதான் என் முதல் கேள்வி. பேச்சை மாற்றாமல் பதில் எழுது.

அவளுக்கு நான் எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் வளர்ந்தவள், இந்த வழக்கம் அவள் காதிலேயே விழுந்ததில்லை. உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை, மூன்றாவதாக நீ பிறந்ததும் கோயில் ஜோசியர் உன் பிறப்பும் என் பிறப்பும் மோதுகிறது என்றார், இவன் உன்னை மாக் என்று கூப்பிட்டால் உன்னிடம் தங்க மாட்டான் என்றார். பெற்றவள் வேறு யாரோ என்று மேலே இருப்பவர்களை ஏமாற்றத்தான் ஆச்சிம் என்று சொல்லிக்கொடுத்தோம். நம் ஆட்களில் எத்தனையோ வீட்டில் செய்ததுதான். நீ முதல் முதலாகப் பேசியபோது மா என்று வாய் குவிந்தது, நான் ஓடிவந்து உன் வாயைப் பொத்தி, ஆச்சிம் சொல்லு, ஆச்சிம் என்றேன். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. நீ உயிரோடு இருந்தால் என்னை அம்மிக்கல் என்று கூப்பிட்டாலும் எனக்குச் சரி என்றுதான் இருந்தேன். இதைச் சொன்னபோது அந்தப் பெண் அழுதாள், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். நியோன்யாவுக்கு ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

நீலக் கிண்ணத்தை உடனே எடுக்கச் சொன்னேன். அப்போ குரலையும் எடுத்துடவா மாக் என்று என்னைக் கேட்டாள், அவளுக்கும் வாய் தவறிவிட்டது. வேண்டாம் என்றேன். ஆச்செக்கை அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஒரு திரிஷா வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து, அலமாரியிலிருந்து உன் பச்சைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். உடைந்துவிட்டது என்றீர்களே என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்தான், பூட்ஸைக் கழற்றினால். இப்போது மாக் என்கிற குரல் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கேட்பதற்கு இல்லை, நம் கிண்ணம் திருட்டுப் போகாமல் இருக்கத்தான். அந்த வாசலில் இருக்கும் காவல்காரன் எந்நேரமும் கைப்பேசியில் சீட்டாடிக்கொண்டிருக்கிறான், அவனை நம்ப முடியாது.

அதற்குப் பிறகுதான் உனக்குச் சளி என்று சொன்னாய், அந்த வார்த்தைதான் வேலை செய்கிறதோ என்று எனக்குப் பட்டது. கண்காட்சி திறந்த தேதியையும் உன் சளி ஆரம்பித்த தேதியையும் வைத்துப் பார்த்தேன். ஆச்செக் என்னைத் திட்டுகிறார். "வின்னிபெக்ல பனி கொட்டுது, சளி புடிக்காம சந்தனமா புடிக்கும்? ஒரு வார்த்தைக்கு அவ்ளோ தூரம் போற தெம்பு இருந்தா அத வெச்சு நம்ம கூரை ஒழுகறத நிறுத்தச் சொல்லு" என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. நான் கோயிலுக்குப் போய் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன், உன் பெயரைச் சொன்னேன், என் பிள்ளை என்று முறை மட்டும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது ஒன்று தோன்றியது, அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கூப்பிட்டால் தங்க மாட்டான் என்று ஜோசியர் சொன்னார். நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஆச்சிம் ஆச்சிம் என்றே வளர்ந்தாய், படித்தாய், பெட்டி கட்டினாய், வின்னிபெக் போனாய். கூப்பிடாமலேயே போய்விட்டாயே கியாட். அப்புறம் நான் எதைக் காப்பாற்றி வைத்தேன்?

என் இரண்டாவது கேள்வி. அந்தக் குரல் நிஜமாக நீதானா? எனக்குத் தெரியும் நீதான், இருந்தாலும் உன் வாயால் தெரிய வேண்டும். இந்தக் காலத்தில் யார் குரலையும் யந்திரமே செய்துவிடுகிறதாம், பக்கத்து வீட்டுக் காப்பிக்கடைப் பையன் சொன்னான். நீ இல்லையென்றால், எவனோ பெற்ற யந்திரம் என்னை மாக் என்று கூப்பிட, நான் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும். மாதக் கடைசியில் கண்காட்சி முடிகிறது. ஜெரால்டின் கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிடுவாள், குரலை என் கைப்பேசியில் ஏற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்குப் பிள்ளை இருக்கிறான், கைப்பேசியில் எதற்கு? அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஆச்செக் எடுக்க மாட்டார், நான்தான் எடுப்பேன், எடுத்துவிட்டு ஹலோ என்றுகூடச் சொல்ல மாட்டேன். முதல் வார்த்தை உன்னுடையது.

சளிக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் குடி, தலையை ஈரமாக வைத்துக்கொண்டு வெளியே போகாதே. மார்த்தா என் மேல் கோபமாக இல்லையே, போன முறை கடைசியில் சரி சரி என்று மட்டும் சொன்னாள், அது என்ன சரி? இரண்டு பேரும் நன்றாக இருங்கள், முன்னோர்கள் உங்கள் கூரை மேல் கை வைத்து நிற்கட்டும். சம்பால் டப்பாவைப் பற்றி எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
(எழுதிவிட்டேன், இனி கோடு போட்டு அடிக்க மாட்டேன்)
உன் மாக்,
கியோக் லான்

பின்குறிப்பு: ஆச்செக் எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கும் பெயர் மாற்றம் உண்டா என்று கேட்கிறார், பார்த்துச் செய். ஞாயிற்றுக்கிழமை வாய் வரவில்லை என்றால் கஷ்டப்படாதே. இத்தனை வருஷப் பழக்கம். சும்மா ஒரு தும்மல் தும்மு, என்னைத்தான் கூப்பிடுகிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.